நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. இங்கே நானும் அப்பாவும் சுகம். அந்த இருமல் விட்டு நீயும் சுகமாக இருக்க வேண்டும். அன்று நீ, அங்கே வேலையை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லணும், நான் திரும்பி வரணும்னு அப்பா நினைக்கிறாரா, உண்மையைச் சொல்லு சித்தி என்றாய். அப்போது அப்பா என் எதிரிலேயே நின்று, சொல்லாதே சொல்லாதே என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அந்தப் பால்தான்.

இனி எங்கள் அஷ்டாங்க யோகா வகுப்புக் கூத்தைக் கேள். சைக்கிள் கடை மாடியில்தான் இன்னும் நடக்கிறது, டயர் வாசனையோடுதான் மூச்சு இழுக்கிறோம். முன்பெல்லாம் குனிந்தால் முழங்காலோடு நின்றுவிடும் அப்பாவின் கை இப்போது கணுக்காலைத் தொடுகிறது, அதற்கே அவருக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற நாட்களில் அவரவர் வரிசையை அவரவர் பேசாமல் செய்வோம், எந்த ஆசனத்தில் தடுமாறுகிறோமோ அங்கேயே ஆசிரியை நிறுத்திவிடுவார், அடுத்ததைக் கேட்டு வாங்க முடியாது. அப்பா கேட்டுப் பார்த்தார். "இதுதான் உங்க ஸ்டேஷன், இறங்கிக்குங்க" என்றாராம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எண்ணிக்கை வகுப்பு. ஒருவர் எண்ண, எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக விடுவோம். எண் வராமல் யாரும் ஆசனத்தைக் கலைக்கக் கூடாது. இந்த வாரம் ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவரே வகுப்பில் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று எண்ணுகிற பொறுப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். ஏகம், த்வே, த்ரீணி என்று சமஸ்கிருதத்தில் ஒன்று, இரண்டு, மூன்றை இவர் குளியலறையில் பாடம் பண்ணிய சத்தத்தில், புதுசா வண்டி ஏதும் விட்டிருக்காங்களா என்று பக்கத்து வீட்டக்கா வந்து கேட்டாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நாவாசனம் வந்தது, உட்கார்ந்தபடி காலையும் முதுகையும் தூக்கிப் படகு மாதிரி இருக்கிறோமே, அது. ஐந்து மூச்சு. அப்பா நான்கு என்றார், ஐந்து வரவில்லை. கால் விரலைப் பார்க்க வேண்டிய நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே தெருவில் யாரோ சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம். வேறு கூட்டமாக இருந்தால் பொத்தென்று காலைப் போட்டிருப்பார்கள், நாங்கள் நடுநடுங்கிக்கொண்டு அப்படியே இருந்தோம், பேக்கரிக்காரர் முகம் பழுத்துவிட்டது. கடைசியில் பல் டாக்டரம்மா, "அண்ணே, வண்டி எவ்வளவு நேரம் லேட்டுன்னாவது சொல்லுங்க" என்றாள். அப்பா திடுக்கிட்டு ஐந்து என்றார், கூடம் மொத்தமும் சரிந்தது. ஆசிரியை குரலே இல்லாமல் சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பாப்பாதான் பெட்டியோட வந்துட்டாளோன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு. அதுக்குள்ள அத்தனை பேரும் காலைத் தூக்கிட்டுக் கெடந்தாங்க பாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், அவகிட்ட சொல்லிடு என்றார். எதை, வான்னு சொல்றதா இருன்னு சொல்றதா என்று கேட்டேன். "ரெண்டையும் சொல்லு. வரணும்னு எனக்கு ஆசை இருக்கு. அதுக்காக அவ அங்க காலைத் தூக்கிட்டு நிக்க வேணாம்" என்றார்.

யோகத்தின் முதல் படியான யமம் என்ற ஒழுக்க விதிகளில் அகிம்சை முதலில், சத்யம் அதற்கு அடுத்து. அதனால் நோகடிக்கும் உண்மையைச் சொல்லாமல் விடலாம் என்று எனக்கு வசதியாகப் படித்து வைத்திருந்தேன். அதே வரிசையில் கடைசியாக அபரிக்ரகம் இருக்கிறது, எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமை. அந்தப் பக்கத்தைப் புரட்டாமலேயே அப்பா அதைச் செய்துவிட்டார். ஆகவே உன் கேள்விக்குப் பதில்: ஆமாம், நீ வர வேண்டும் என்றுதான் நினைக்கிறார். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்னை அவசரப்படுத்த எந்தக் காரணமும் இல்லை. உன் மனசுக்குச் சரியென்று படுவதைச் செய். வீடியோவைப் பார்த்துப் பத்மாசனத்துக்கு முழங்காலை முறுக்காதே, இடுப்பு தளரட்டும், கால் தானாக வரும். வெந்நீர் குடி. எங்கிருந்தாலும் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. அறை வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் சித்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நீயே கூப்பிட்டாய், அப்பாவே இரண்டையும் உன்னிடம் சொன்னார், நீயும் அங்கேயே இருக்கப்போவதாகச் சொன்னாய். போனை வைத்த பிறகு அவர் உன் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினார். இப்போது உன் அறையில் இரண்டு யோகா விரிப்புப் போட இடம் இருக்கிறது.