பேனரில் போட்ட ஊர்

வடக்கனந்தல்
9-2-2025

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும், அண்ணன் இளவரசனும் அண்ணியும், போன வாரம் கன்று போட்ட மாடும் சேர்த்து எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் கொல்கத்தாவில் தலைவலி காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரிப்பும் பேச்சுமாக இருக்க நம் குலசாமி துணையிருக்கட்டும். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போன் பண்ணினால் உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுநடுவே கரும்பைப் பற்றியே பேசுகிறார். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டக் கட்டிங் ஆர்டர் வந்ததிலிருந்து மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. இது யாரும் குறுக்கே பேசாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

அண்ணனின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம் ஜாம்ஜாம் என்று நடந்தது, வடை பத்தாமல் இரண்டாம் தடவை போட்டார்கள், நீ வரவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. உனக்கு அந்த வாரம்தான் ஆஸ்பத்திரிக்காகச் செய்த சாஃப்ட்வேரை ஒப்படைக்க வேண்டும் என்றாய், அதைத் தப்புச் சொல்ல மாட்டேன். பேனர் விஷயத்துக்கு வருகிறேன். விசேஷத்துக்கு முந்தின நாளே வாசலில் கட்டிய பேனரில் உன் போட்டோவுக்குக் கீழே மென்பொருள் பொறியாளர், பெங்களூரு என்று இருந்ததை அண்ணன் ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு, இன்னாம்மா, நான் இருக்கிற ஊரையே மாத்திட்டீங்களா என்று கேட்டாய். கடைக்காரன் தப்பாக அடித்துவிட்டான் என்றேன். அது பொய். அவன் சரியாகத்தான் எழுதி வைத்திருந்தான், நான்தான் பக்கத்தில் நின்று மாற்றச் சொன்னேன். கொல்கத்தா என்று வாயைத் திறந்தாலே, அங்க இன்னா ஐ.டி. இருக்குது, பெங்களூர்ல எடம் கெடைக்கலயா என்கிறார்கள். நைனார்பாளையத்து உன் பெரியத்தை வருகிறபோதெல்லாம் என்னமோ உன்னை வனவாசம் அனுப்பிவிட்ட மாதிரி உச்சுக்கொட்டுகிறாள். மூன்று வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அப்படிச் செய்துவிட்டேன்.

மறுநாள், விசேஷத்தன்று காலையில் நீயே போன் பண்ணி, பெங்களூர் ஆபீசில் இடம் தருகிறார்கள், இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், சரி என்றே சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தோஷந்தானே என்றாய். பெங்களூருக்கு வந்துவிடு என்று ஒரு வருஷமாக நச்சரித்தது பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே சாம்பார் ஊற்றினேன்.

கடைசிப் பந்திக்குக் கல்வராயன் மலையிலிருந்து சாமியம்மாள் வந்தாள், நமக்கு வருஷா வருஷம் சாமையும் தேனும் கொண்டுவருவாளே, அவள்தான். கூடவே மகள் கவியாவும் வந்தது. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பு கடைசி வருஷமாம். அக்கா வேல செய்யிற ஊரு எப்டிங்க இருக்கும் என்று அந்தப் பெண் கேட்டது. பெங்களூரா, நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. தீபாவளிக்கு நானும் அப்பாவும் கொல்கத்தா வந்து எட்டு நாள் தங்கினோமே, அங்கே ஆரம்பித்தேன். உன் ஆபீஸ் இருக்கிற செக்டர் ஃபைவில் கண்ணாடிக் கட்டடமாக வரிசைகட்டி நிற்பதையும், அதன் கீழேயே பொரி கலந்து விற்கிறவன் உன்னைப் பார்த்ததும் கேட்காமலே மிளகாயைக் கம்மியாகப் போடுவதையும், டீ குடித்த மண் குவளையைத் தூக்கிப்போட மனசில்லாமல் நான் கழுவிப் பைக்குள் வைக்க நீ நடுரோட்டில் விழுந்து விழுந்து சிரித்ததையும், கீழ்வீட்டு வங்காளி அம்மா எனக்கு மீன் குழம்பு சொல்லித்தர நான் அவளுக்குப் புளிக்குழம்பு சொல்லித்தர இரண்டு பேருக்கும் பாஷையே தேவைப்படாததையும், ரத்தம் எடுத்தவர்களுக்கு ரிசல்ட் அவரவர் போனுக்கே போய்ச் சேருகிற மாதிரி நீ செய்து வைத்திருப்பதையும், உன் கீழே வேலை செய்கிற பதினோரு பேரும் உன்னிடம் பயமில்லாமல் சண்டை போட்டுவிட்டு உடனே ஒன்றாகச் சாப்பிடப் போவதையும், ட்ராமில் ஏறிய உங்கப்பா இதுக்கு நம்ம கரும்பு டிராக்டரே தேவலாம் என்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பெண் கண் கொட்டாமல் கேட்டது. சாமியம்மாள் எல்லாம் கேட்டுவிட்டு, இம்மாம் நல்ல ஊருன்னு சொல்றீங்க, அப்பறம் ஏங்க பேனர்ல வேற ஊரப் போட்டுக்கினீங்க என்றாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் செத்துப்போய், தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன்.

உள்ளே நின்றபோதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. கொல்கத்தாவில் ஆட்டோக்காரரிடம் வங்காள பாஷையில் பேரம் பேசியபோது உன் குரலில் இருந்த துள்ளல், சரி என்று சொல்லிவிடுகிறேன் என்றபோது இல்லையடி. உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் அதிசயமாகக் கரும்பை விட்டுவிட்டு யோசித்தார். நாம கூப்புட்டா அது வந்துரும், அதுக்குத்தான் கூப்புடக் கூடாது என்றார். இவ்வளவு நாள் இந்த மனுஷனுக்கு இத்தனை புத்தி இருந்தது எனக்குத் தெரியாது.

அதனால் பெங்களூர் வேலை உனக்கே பிடித்திருந்தால் தாராளமாகப் போ. எனக்காகப் போகிறாய் என்றால் போகாதே, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். நேற்றே கடைக்காரனிடம் கொல்கத்தா என்று ஸ்டிக்கர் அடித்து பேனரில் ஒட்டச் சொன்னேன். விசேஷம் முடிஞ்ச பேனருக்கு ஸ்டிக்கர் எதுக்குங்க என்று சிரித்தான். சிரிக்கட்டும், உன் பெரியத்தை இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, அவள் பார்த்துவிட்டுப் போகட்டும். கவியாவுக்கு உன் நம்பர் கொடுத்திருக்கிறேன், கூப்பிட்டால் பொறுமையாகப் பேசு.

இதோடு சாமையும் தேனும் வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். சாமையை வெயிலில் காட்டிவிட்டு டப்பாவில் போடு, தேனில் கீழ்வீட்டு அம்மாவுக்கும் பாதி கொடு. எந்த ஊரில் இருந்தாலும் என் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எப்போ வருவே, எப்போ வருவே என்று உன்னைத் துளைத்தேனே தவிர, அங்கே உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஆபீசுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. விஜயலட்சுமி