இருபத்தொரு நாள்

11 மார்ச் 2024, திங்கள்

பெனிஸ்டன் இன்றும் வந்து நின்றான். அவன் வேறொரு கல்லூரியிலிருந்து வாங்கி வந்த பன்னிரண்டு சுண்டெலிகள் தனியறையில் இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற எலிகள் இருபத்தொரு நாள் அங்கே இருந்து, இரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெரிய அறைக்குப் போக வேண்டும். இன்று ஒன்பதாவது நாள்.

"அக்கா, இந்த மாசத்துக்குள்ள ரீடிங் வேணும்னு கைடு கேக்காரு. எலியெல்லாம் நல்லாத்தான ஓடுது?"

மூன்று வருடமாகக் கடல் நத்தையின் விஷத்திலிருந்து வலிக்கு மருந்து தேடுகிறான். நத்தைகளை வலையிலிருந்து பொறுக்கித் தருவது புன்னைக்காயலில் இருக்கும் அவன் அப்பா. பாவமாக இருந்தது. எலிப் பிரிவுக்குப் பொறுப்பு நான்தானே. இன்றே பன்னிரண்டையும் பெரிய அறைக்கு மாற்ற விட்டுவிட்டேன்.

23 மார்ச், சனி

பதிவேட்டில் "இருபத்தொரு நாள் முடிந்தது, பரிசோதனை சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவற்றுக்கு இரத்தம் எடுக்கவே இல்லை.

3 ஜூன், திங்கள்

காவல் எலிகளுக்கு இரத்தம் எடுத்தேன். மற்ற எல்லாக் கூண்டுகளின் அழுக்கு உமியிலும் கொஞ்சம் இவற்றின் கூண்டில் போடுவோம். அறையில் என்ன நோய் இருந்தாலும் இவற்றின் இரத்தம் சொல்லிவிடும். கூண்டு கழுவும் கிருபைக்காதான் பிடித்துக் கொடுத்தார்.

"ஏளா பிரேமா, மெதுவாக் குத்து. அதுக்கும் வலிக்கும்லா?"

எட்டு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மதியம் சாப்பிடுகிறோம். இன்று அவர் கொண்டுவந்த ஊளிமீன் குழம்பு.

12 ஜூன், புதன்

பாசிட்டிவ். எலிகளின் ஈரலைத் தாக்கும் வைரஸ். ஆறு காவல் எலிகளில் நான்குக்கு. மனிதருக்கு வராது. ஆனால் அறை முழுக்கப் பரவியிருக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தின்கின்றன, ஓடுகின்றன. உறுதிப்படுத்த பிசிஆருக்கு அனுப்பச் சொன்னார் இயக்குநர் தனராஜ் சார்.

தப்பாக இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டாக மட்டும் இருக்கக் கூடாது.

21 ஜூன், வெள்ளி

உறுதியாகிவிட்டது. "அறையில உள்ள எலி முன்னூத்தி நாப்பதையும் கொன்னு முடிச்சிரணும்" என்றார் சார்.

வெளியே வந்ததும் பெனிஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அந்தக் காலேஜ்லயும் பாசிட்டிவாம். போன் போட்டுக் கேட்டுட்டேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க. மூணு வருச வேலை போச்சு. பட்டமும் போயிரும்."

அப்படியானால் நான்தான்.

24 ஜூன், திங்கள்

வைரஸ் எப்படி உள்ளே வந்தது என்று விசாரணை. வீட்டு எலிகளிடமிருந்தும் வரலாமாம். கிருபைக்காவைக் கூப்பிட்டார்கள்.

"உங்க வீட்டுல எலி இருக்கா?"

"எலி இல்லாத வீடு தூத்துக்குடியில எங்கன சார் இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது போதுமாயிருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கல? பெனிஸ்டனுக்காகவா? இல்ல — எனக்காகத்தான்.

26 ஜூன், புதன்

இரண்டு நாளாக அதே வேலை. ஐந்தைந்தாகப் பெட்டியில் விட்டு, வாயுவைத் திறந்து, அடங்கும்வரை நிற்க வேண்டும். வேறு யாரையும் செய்ய விடவில்லை. சினை எலி ஒன்று உமியைக் குவித்துப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது, குட்டி போட. அதையும் எடுத்தேன்.

8 ஜூலை, திங்கள்

சொல்லிவிட்டேன். பதிவேட்டை விரித்துச் சார் முன்னால் வைத்தேன். "இது பொய் சார். நான் எழுதுனது."

சார் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்தம்மாவ நிறுத்துன அன்னைக்கு இத ஏன் சொல்லல?"

பெனிஸ்டன் பெயரைச் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்த எலிகள் அவன் பெயரில் வந்தவை.

9 ஜூலை, செவ்வாய்

கிருபைக்கா இப்போது வேலை பார்க்கும் கருவாட்டுக் கொட்டகையில் சாளை காயப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னேன்.

மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "அப்போ ரிப்போட்டு வந்த பெறவு, தெரிஞ்சேதான் எங்கூட உக்காந்து சோறு தின்னியா?"

ஆமான்னேன்.

"போங்க மேடம். வெயில் ஏறுது."

2 ஆகஸ்ட், வெள்ளி

பெனிஸ்டனின் ஆய்வுப் பதிவை ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டானாம். மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

18 நவம்பர், திங்கள்

புது எலிகளின் முதல் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நெகட்டிவ். என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்த பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் ஸ்டெபி சத்தமாக வாசித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

கிருபைக்கா திரும்ப வேலைக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூண்டு கழுவும் அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று நாற்பத்திரண்டு கூண்டு கழுவிக் கவிழ்த்தேன். மழை பிடித்துக்கொண்டதால் வெளியே காய வைக்க முடியவில்லை. துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன்.