மூன்றாவது வரிசை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க இன்றைக்கு மனசில்லை, கேட்கத் தேவையும் இல்லை, போன சனிக்கிழமை பெரிய திரையில் உன்னைப் பார்த்தேன், கன்னம் இரண்டும் நன்றாக உப்பியிருக்கிறது. பாதி படித்துவிட்டுப் போனை எடுக்காதே. முழுசாகப் படி.

அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன், லீவு கிடைக்காது என்று ஒரே வரியில் நீ பதில் அனுப்பினாயே, அந்த விழாதான். ஆஸ்பத்திரித் தையல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் விரிப்பும் அங்கியும் தைத்தவள் அன்றைக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். நூலக மாடியில் சனிக்கிழமை காலை பேச்சு மன்றம் நடக்கிறது, சும்மா போய் உட்கார்ந்து பார் என்று உன் தங்கைதான் சொன்னாள். நீயும் வெளிநாட்டில் இப்படி ஒரு மன்றத்தில் பெரிய ஆள் என்று தெரியும், உன்னிடம் மூச்சு விடாமல் பழகிக்கொண்டு அசத்தலாம் என்று நினைத்தேன். புத்தி கெட்ட நினைப்பு.

வாசலிலேயே மன்றத்துச் செயலாளர், அவர் ஒரு பல் டாக்டர், என் பேரைக் கேட்டு அட்டையில் எழுதி நெஞ்சில் குத்திவிட்டார். ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிஸ்கட் கொடுத்தாள். என்ன பாசக்கார ஜனங்கள் என்று உருகிப் போனேன். அன்றைக்குப் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல், நேரத்தை ஓட்ட டாக்டர் ஒரு வீடியோவைப் போட்டார். பார்க்க வருகிறவர்களை உறுப்பினராக்குவது எப்படி என்று ஒருவர் அருமையாகப் பேசியிருக்கிறார் என்றார். அந்த அருமையானவர் நீ. மீனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு வலை பின்னச் சொல்லித் தருகிறோமே என்று அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. நீ அடுக்கிக்கொண்டே போகிறாய், வாசலில் பேரைக் கேள், தனியாக உட்கார விடாதே, ஏதாவது தின்னக் கொடு, மூன்று நாளுக்குள் போன் போட்டு நலம் விசாரி. நான் நெஞ்சில் அட்டையும் கையில் பாதி பிஸ்கட்டுமாக முழிக்கிறேன். முன்பின் தெரியாதவனுக்கு மூன்று நாள், என்னை நீ கூப்பிட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது.

அதோடு விட்டாயா. கடைசியில் ஒரு கதை சொன்னாயே. உன் பள்ளி ஆண்டு விழாவில் உன் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்களாம், மைக்கைப் பிடித்தாளாம், வாயைத் திறந்தாளாம், காற்றுதான் வந்ததாம், மைக்கைக் கொடுத்துவிட்டு ஓடியே போனாளாம். காற்று வந்த மாதிரி நடித்தும் காட்டினாய். டாக்டர் முதல் பிஸ்கட் அம்மாள் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று ஒரு மன்றம் அவள் கையைப் பிடித்திருந்தால் அவள் பேசியிருப்பாள், அதனால் வருகிற ஒவ்வொருவரையும் என் அம்மாவாக நினையுங்கள் என்று முடித்தாய். ஊரில் உள்ளவர்களை எல்லாம் அம்மாவாக நினைக்கச் சொல்கிறாய், அம்மாவை யாராக நினைத்தாய்? எத்தனை ஊரில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாயோ, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம், கூட்டம் முடிகிறபோது பார்க்க வந்தவர்கள் எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஒரு நிமிஷம் ஆனால் மணி அடிப்பார்கள். நானும் எழுந்தேன். மற்றவர்கள் மாதிரி ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், நாக்கு கேட்கவில்லை.

"அந்தக் கதையில வர்ற அம்மா நான்தாங்க. நாடகத்துக்கு இருபத்திரண்டு பிள்ளைங்களுக்கு உடுப்பு தச்சுக் குடுத்தேன், அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. நாலு வரி மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். வேலையில இருந்து நேரா போனதால நூலும் பஞ்சுமா நின்னேன். கூட்டத்தப் பாத்து பயப்படல. மூணாவது வரிசையில என் மகன் என்னைப் பாத்துட்டு பெஞ்சுக்கு அடியில குனிஞ்சான். அவனுக்கு அசிங்கமா இருக்குன்னுதான் மைக்கைத் திருப்பிக் குடுத்தேன்."

இதை உன்னிடம் சாகும்வரை சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பதின்மூன்று வயசுப் பிள்ளை, கூச்சம் இருக்கும் என்று அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அதை வளர்ந்த பிறகு என் தலையில் பயந்தாங்கொள்ளிப் பட்டமாகக் கட்டினாயே, அதற்குத்தான் மன்னிப்பு வரவில்லை. ஒரு நிமிஷம் தாண்டியும் மணி அடிக்கிற பெண் அடிக்கவில்லை. டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டார். படிவத்தை நீட்டவே பயந்தார், நானே கேட்டு வாங்கிச் சேர்ந்துவிட்டேன். யாருடைய பேச்சைக் கேட்டுச் சேர்ந்தீர்கள் என்று அதில் ஒரு கேள்வி, என் பேச்சைக் கேட்டு என்று எழுதினேன். மூன்றாம் நாள் டாக்டர் போனும் போட்டார்.

உன் தங்கை நலம், அவளைத் திட்டாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நன்றாக இரு, கோபத்திலும் எனக்கு இதுதான் வருகிறது, என்ன செய்ய. அந்த வீடியோவை முதலில் எடுத்துவிடு. விழா இருபத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு, ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில். மூன்றாவது வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே பெஞ்சு கிடையாது, குனிந்தாலும் தெரியும். அந்த நான்கு வரியைச் சொல்லித்தான் தொடங்கப் போகிறேன். வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்.

இப்படிக்கு,
நீ சிரிக்க வைத்த அம்மா