கும்ப்ரே இறக்கமும் புதுப் பிரேக்கும்

கொரோய்கோ, அக்டோபர் 12

அன்பு மகள் சுல்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் கோழிகளும் இங்கே சுகம், அரிக்காவில் நீயும் உன் கடலும் சுகமாக இருக்க வேண்டும். காலையிலிருந்து மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, ஆரஞ்சு மரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, இப்படிப்பட்ட நாளில் உன் அப்பா செத்துப்போனதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. பழைய கார் வாங்கிப் புது பிரேக் பேட் போட்டிருக்கிறாய், மிதித்தால் பெடல் கெட்டியாக இருக்கிறது ஆனால் வண்டி சரியாக நிற்கவில்லை, ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும், கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் மதியம் அப்பாவின் ஆவி வீட்டுக்கு வருவதற்குள் நானும் வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் என் கால் தானாகத் தரையை மிதித்தது. ஒன்றை உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன் மகளே. கோபகபானா மாதா கோயிலுக்கு வண்டியை மந்திரிக்கக் கொண்டுபோன அன்று காலையில்தான் மெக்கானிக் எலோய் புது பேட் போட்டுக் கொடுத்தான். "அக்கா, புதுசு டிஸ்க்கோட பழகணும். ஆளில்லாத சம ரோட்டுல அம்பதுல போயி, அழுத்தி மிதிச்சுப் பத்துக்குக் கொண்டாந்து விடுங்க, முழுசா நிப்பாட்டாதீங்க. இருவது தடவ அப்படி. அப்புறம் பிரேக்கைத் தொடாம ஓட்டி ஆறவிடுங்க" என்றான். நான்தான், "மாதா பாத்துக்குவா, நீ உன் ஸ்பானரைப் பாரு" என்றேன். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "மாதாவுக்கு அவசரமில்லடா எலோய், இவளுக்குத்தான்" என்றார். கோயில் மேட்டில் வரிசையில் ஒரு மணி நேரம், சூடான பிரேக்கை மிதித்தபடியே நின்றோம். வண்டிக்குப் பூமாலை போட்டு, வழக்கப்படி பீரை நான்கு சக்கரத்திலும் ஊற்றினோம். அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று உன் சித்தப்பா சொன்னதை நீயும் நம்பினாய். அவர் உதடுதான் நனைந்தது, குடித்தது சக்கரங்கள். வீடு திரும்பும்போது கும்ப்ரே கணவாய் இறக்கத்தில் ஒரே பனி. அவர் மிதிக்கிறார், பெடல் கல் மாதிரி நிற்கிறது, கருகல் வாடை வருகிறது, வண்டி மட்டும் சத்தமில்லாமல் மேகத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது, பறக்கிறோம் என்றுதான் நினைத்தேன். "கதவைப் புடிச்சுக்கடி" என்றார். அவ்வளவுதான்.

பிறகு எலோயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெடல் மெத்தென்று உள்ளே போனால் குழாயில் காற்று, இல்லை எண்ணெய் குறைச்சல். ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் பிடிக்கவில்லை. உன்னுடையதுபோல் கெட்டியாக இருந்தும் நிற்காவிட்டால், பேட் முகம் கருகிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம், வேறு கோளாறும் இருக்கலாம். அது ஓட்டினால் சரியாகாது. நாளைக்கே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல், பேட் பளபளத்தால் மாற்றச் சொல், மாற்றிய பிறகு எலோய் சொன்ன இருபது தடவையையும் கடலோர ரோட்டில் பொறுமையாகச் செய்.

அதற்கெல்லாம் நாள் போதாவிட்டால் பஸ்ஸில் வா. பஸ்ஸும் கிடைக்காவிட்டால் வரவே வேண்டாம், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. மாதா உன்னைக் காக்கட்டும், நீயும் கொஞ்சம் காத்துக்கொள். அப்பாவின் ஆவி மேலிருந்து இறங்கி வர ரொட்டியில் ஏணி செய்ய மாவு வாங்கி வைத்திருக்கிறேன். ஓர் ஏணிக்குத்தான் வாங்கியிருக்கிறேன் சுல்மா.

உன் அம்மா,
எவரிஸ்தா