சாம்பல் நிறக் குஞ்சுகள்

சித்தூர்,
ஆகஸ்ட் 1917

என் பிரியமானவருக்கு,

நானும் கோழிகளும் சுகம். பஸ்ரா போர்முனையில் வெயில் கடுமை என்கிறார்கள். தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு அப்புறம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. உங்கள் அம்மா எனக்கு வெள்ளைப் புடவை கொண்டுவந்தார். "வாய்விட்டு அழுதுடும்மா. இப்டி கல்லாட்டம் குந்திக்கினு இருந்தா எப்டி?" என்றார். புடவையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

உங்கள் அசில் சண்டைக்கோழிகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். எல்லாக் குஞ்சும் சாம்பல் நிறமாக வேண்டுமென்று, சாம்பல் சேவலோடு சாம்பல் பெட்டையைத்தானே சேர்ப்பீர்கள்? ஒவ்வொரு முறையும் சாம்பலோடு கறுப்புக் குஞ்சும் அழுக்கு வெள்ளைக் குஞ்சும் கலந்தே பொரிக்கும். நீங்கள் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிடுவீர்கள்.

போதகர் வந்துபோன மறுநாள் காலையில், நீங்கள் ஒதுக்கிவைத்த கறுப்புச் சேவலும் அழுக்கு வெள்ளைப் பெட்டையும் ஒரே கூட்டில் இருந்தன. பிரித்து அடைத்தேன். அடுத்த நாளும் சேர்ந்தே இருந்தன. கூட்டுக் கயிற்றில் இடதுகைக்காரர் போடும் முடிச்சு. இந்த வீட்டில் இடதுகைக்காரர் நீங்கள் ஒருவர்தான்.

அந்த முட்டைகள் பொரித்துவிட்டன. அத்தனையும் சாம்பல்! இங்கே இருந்தவரை உங்களுக்குப் பிடிபடாததை அங்கே யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

குஞ்சு பொரித்த நாள்முதல் கயிற்றில் என் முடிச்சுதான் இருக்கிறது. ஆகவே இன்று நானே சாம்பலோடு சாம்பலைச் சேர்த்து அடைத்துவிட்டேன். மறுபடி கறுப்பும் வெள்ளையும் வரட்டும். வேலை முடிந்துவிட்டால் நீங்கள் வரமாட்டீர்கள்.

இப்படிக்கு,
கதவைத் தாழிடாமல் இருப்பவள்