பதுளைப் பயணத்தில் எனக்கு இடமில்லை

வெள்ளவத்தை, வெள்ளி இரவு

பேத்தி ஓடும் மெய்வல்லுநர் போட்டியைப் பார்க்க, என்னை விட்டுவிட்டுச் சம்பந்தியைப் பதுளைக்குக் கூட்டிப் போகிறான் மகன். இது அநியாயம்.

"அப்பா, உங்கட அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம். இந்தச் சண்டை நேரத்தில ஒவ்வொரு ஆமி செக்பொயிண்டிலயும் எங்கட வான் வண்டியை மறிப்பாங்கள். மாமா இங்க கொழும்பில, கொட்டாஞ்சேனையில பிறந்தவர், சிங்களமும் நல்லாக் கதைப்பார்."

நானூறு மீற்றருக்கு மைதானத்தை எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்று என்னிடமே கேட்டவர் அந்த மாமா!

"நீங்க ரேடியோவில கேளுங்க, சம்பந்தி," என்று அவர் சிரித்தார். பேத்தியும் சிரித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

விடியமுன் வானின் முன் சீற்றில் நான் இருப்பேன். சம்பந்தி பின்னால் ஏற வேண்டும். மறித்தால் நான் இறங்கி நிற்பேன். மகன் காத்திருக்க வேண்டும், சம்பந்தி சிங்களம் கதைக்க வேண்டும். பேத்தி மட்டும் எழும்பக் கூடாது. ஓட வேண்டியவள், நித்திரை கொள்ளட்டும்.