இடது பக்கம் பாடுகிறவள்

ஜூலை 4, வெள்ளி

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துணி கிளிப்போடு பறக்கிறது. மேலப்பாளையம் பூரா மண். நாலாம் வகுப்பு கணக்கு நோட்டு முப்பத்தெட்டு திருத்தணும். தொடவில்லை.

நாலரைக்கு மச்சான் போன், சவூதி தம்மாமிலிருந்து. ஜும்ஆ முடிந்து சாப்பாடும் ஆயிற்றாம். அவர் ரூமில் இருக்கிற பிலிப்பைன்ஸ்காரர் ஒரு ஆல்பம் கேட்கக் கொடுத்தாராம். எனக்கு லிங்க் அனுப்பியிருக்கிறார்.

"பதினைஞ்சு பேரு சேந்து வாசிக்காங்க புள்ள. நீ ஹெட்போன எடுத்துக்கிட்டு மாடிக்குப் போ. நானும் இங்கன போடுதேன். ரெண்டு பேரும் ஒண்ணா கேப்போம். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

மூணில் அமுக்கினேன். போனைக் கட் பண்ணிவிட்டுத்தான் கேட்க முடியும். ஆனாலும் அவரும் அதே இடத்தில் இருக்கிறார் என்று தெரியும்.

ஐம்பது நிமிஷம். ராக் என்றால் காட்டுக் கத்தல் என்று நினைத்திருந்தேன். இது ஒற்றைக் கிதாரில் ஆரம்பிக்கிறது, யாரோ அடுப்படியில் தனக்குத்தானே வாசிக்கிற மாதிரி. அப்புறம் டிரம். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து சேர்கிறார்கள், கல்யாண வீட்டில் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்காருகிற மாதிரி. டிரம்பெட் இரண்டு. மணி மாதிரி ஒன்று, பேர் தெரியாது. கடைசியில் அத்தனை பேரும் வாய்விட்டுப் பாடுகிறார்கள். பாட்டில் பாதி வார்த்தை புரியவில்லை.

அட்டைப் படத்தில் பதினைந்து பேரும் ஒரு வயலில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சானுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம். நாங்கள் சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினால் பதினாலு மாதம்.

முடிந்ததும் அவர் வாய்ஸ் மெசேஜ்: "மூணாவது பாட்டுல, நாலு நிமிசம் கழிச்சு, எடது பக்கம் ஒரு பொம்பள பைய பாடுவா. கேட்டியா? அப்படியே ஒன் குரலு."

கேட்கவில்லை. "ஆமா" என்று அனுப்பினேன்.

ஜூலை 6, ஞாயிறு

மூணாவது பாட்டு ஆறு தடவை. டிரம்பெட், டிரம், ஆண் குரல். பெண் குரல் இல்லவே இல்லை. அவர் வேறு ஏதோ பாட்டைச் சொல்கிறாரா?

மகள் ஹனாவுக்கு ஷூ வாங்கணும். நாலு வயசுக்கு என்ன பாதம்.

மத்தியானம் மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம் (நான் மாடிப்படியில் நிற்பது தெரியாது): "கூப்புட்டா திரும்புதாளா? டீச்சருல்லா. மவன் தலைல வச்சுக் கொண்டாடுத பொண்டாட்டி, நான் என்னத்தச் சொல்ல."

எப்போது கூப்பிட்டார்கள்?

சாயங்காலம் வீடியோ காலில் மச்சான்: "அந்தப் பாட்ட வண்டி ஓட்டும்போதெல்லாம் போடுதேன். நாலாவது நிமிசத்துக்குக் காத்துக்கிட்டே இருக்கேன்." சிரித்தேன். பொய் சொல்லி இரண்டு நாள்.

ஜூலை 9, புதன்

ஹெட்போனில் கோளாறு என்று முடிவு. பள்ளி விட்டு ஜங்ஷன். மழை இல்லை, மேகம் மட்டும். கடைக்காரப் பையன் தன் காதில் மாட்டிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் சூப்பரா கேக்குதேக்கா." ஆனாலும் புதுசு ஒன்று வாங்கினேன்.

வீட்டில் மாட்டினால் அதேதான். சும்மா மாற்றி மாட்டினேன், இடது காதுக்கானதை வலது காதில்.

வயலின். எவ்வளவு வயலின்! நாலு இருக்கும். ஆறு நாளாக இந்தப் பாட்டில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். டிரம்பெட் ஆளே இல்லை. நாலாவது நிமிஷம் அவள் வந்தாள். மெதுவாக, மூச்சு அதிகமாக.

என் குரல் மாதிரி இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

ஹெட்போனைக் கழற்றி, இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். எங்கேயோ தூரத்தில். வலது காதில் பளிச்சென்று. போனை எப்போதும் வலது காதில் வைப்பது பழக்கம் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் இடது வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்துதான் சந்தேகம் கேட்கிறார்கள். முந்தாநாள் ஒருத்தி: "மிஸ், நான் மூணு தடவ கூப்புட்டேன்."

அடுக்களையில் மாமி உட்காரும் முக்காலி எனக்கு இடது பக்கம்.

ஜூலை 12, சனி

பாளையங்கோட்டை, காது டாக்டர். தனியாகப் போக வேண்டாம் என்று மாமியும் வந்தார்கள், ஹனாவைத் தூக்கிக்கொண்டு. எதற்கு என்று நான் முழுசாகச் சொல்லவில்லை.

கண்ணாடி அறை. சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கணும். வலது காது: அமுக்கினேன், அமுக்கினேன். இடது காது: உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே டெஸ்ட் எடுக்கிற பெண் எதையோ திருகிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் மாமி. என் கையையே பார்த்துக்கொண்டு. பட்டன் மேல் விரல், அசையவில்லை.

டாக்டர் சொன்னது: உள்ளே குட்டி எலும்பு ஒன்று இறுகிப்போயிருக்கிறது. மெல்ல மெல்ல வந்தது. பிள்ளை பெற்றபோது கூடியிருக்கலாம். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் கேட்கும். அவசரம் இல்லை, ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம்.

டெஸ்ட் எடுத்த பெண்ணிடம் பாட்டு விஷயம் சொன்னேன். போனை வாங்கி ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிக் கொடுத்தாள். இனி இரண்டு பக்கச் சத்தமும் ஒரே காதில் வருமாம்.

பஸ்ஸில் மாமி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்கள். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் எழுந்தார்கள். ஹனாவைத் தூக்கிக்கொண்டு எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒன்னையத் திமிருபுடிச்சவன்னு நெனச்சிட்டேன் மக்கா. நாலு வருசமா."

அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஹனா இடையில் நசுங்கி அழுதாள்.

ஜூலை 18, வெள்ளி

நாலரை. அதே காற்று. மச்சானிடம் எல்லாம் சொன்னேன். காது, டாக்டர், "ஆமா" என்று அனுப்பியது பொய்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எதுக்கு பொய் சொன்ன?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா கேட்டீங்க."

அப்புறம், இதையும் சொல்லிவிடலாம் என்று: "இப்ப கேட்டுட்டேன் மச்சான். அது என் குரல் மாதிரி இல்ல."

"தெரியும் புள்ள. மொத தடவ கேக்கும்போது அப்படித்தான் இருந்துச்சு. பொறவு ஒன் வாய்ஸ் மெசேஜப் போட்டுப் பாத்தேன். இல்லன்னு தெரிஞ்சு போச்சு. ஆனாலும் அந்த எடம் வந்தா நீதான்."

ஆல்பம் போட்டோம். பதினைந்து பேரும் என் ஒரே காதில். ஒருத்தர் மேல் ஒருத்தர், காலையில் வி.கே.புரம் பஸ் மாதிரி நெரிசல். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் எல்லோரும் இருக்கிறார்கள்.

கணக்கு நோட்டு இன்னும் பன்னிரண்டு பாக்கி.

ஜூலை 21, திங்கள்

பள்ளியில் பி.டி.ஏ. கூட்டம். தலைவலி. வீட்டுக்குள் நுழையும்போதே போன். மச்சானுக்கு லீவு கிடைத்துவிட்டது! பன்னிரண்டு நாள், அடுத்த மாதம். ஆபரேஷனை அந்த நாளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கூடவே இருப்பாராம்.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். காதில் பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். பத்து நாள் படுக்கை, ஓய்வு. குனியக் கூடாது, சத்தம் கூடாது, கூட்டம் கூடாது.

பன்னிரண்டில் பத்து.

மாமியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "ஆசுபத்திரிக்கு நான் வாரேன்" என்றார்கள்.

திரும்ப மச்சானைக் கூப்பிட்டேன்.

"ஆபரேஷன் நீங்க போன பொறவு வச்சுக்கிடுதேன். மாமி இருக்காங்க."

"அப்ப நான் எதுக்கு வரணும்?"

"சும்மா வாங்க."